முரணும் காரணமும்: டெபியன் கொள்கைக் கையேட்டின் உறவுச் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தன்னார்வலர்களால் நடத்தப்படும் டெபியன் இயங்குதள வழங்கலில், ஒரு மென்பொருள் பொதி பிற பொதிகளோடு கொள்ளும் உறவை அதன் பராமரிப்பாளர் வரையறுத்த சில சொற்களால் அறிவிக்கிறார். அச்சொற்களை விதிக்கும் கொள்கைக் கையேட்டை ஒரு பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உறவின் வலிமையை நுட்பமாக வேறுபடுத்தும் இக்கையேடு உறவுக்கான காரணத்தைப் பதிய இடம் தரவில்லை. பேசியவர் எப்போது வேண்டுமானாலும் விலகிச் செல்லக்கூடிய தன்னார்வ அமைப்பில் இக்குறை பெரிதாகிறது. 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் எழுந்த வழக்குகளை முன்வைத்து இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கட்டற்ற மென்பொருள், டெபியன், பொதி மேலாண்மை, சார்பு முரண், கொள்கைக் கையேடு, தன்னார்வப் பணி

1. பொதியும் சார்பும்

1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் அறிவித்த டெபியன், எந்த ஒரு வணிக நிறுவனத்திற்கும் உரிமையில்லாத இயங்குதள வழங்கல். பல நாடுகளில் பலரால் எழுதப்படும் கட்டற்ற மென்பொருள்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பொதியாகக் கட்டி, ஒன்றோடொன்று இசைந்து இயங்கச் செய்து பயனரிடம் சேர்ப்பது அதன் பணி. 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. இவற்றைப் பேணுவோர் தம் விருப்பத்தால் வந்தவர்கள்; விருப்பம் தீர்ந்தால் போகிறவர்கள்.

பொதிகளில் மிகப் பெரும்பாலானவை தனித்து நிற்பதில்லை. படங்காட்டும் செயலி ஒன்று படக் கோப்புகளைப் படித்துத் தரும் நிரல் நூலகத்தை நாடுகிறது. அந்நூலகம் சுருக்கிய தரவை விரிக்கும் வேறொரு நூலகத்தை நாடுகிறது. செயலி ஒன்று அந்நூலகத்தின் இரண்டாம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ கேட்க, மற்றொரு செயலி இரண்டுக்கு முந்தியதையே கேட்குமானால் இரண்டையும் ஒரே கணினியில் நிறுவ இயலாது. சார்பு முரணின் எளிய வடிவம் இதுதான். பயனர் காண்பது 'நிறுவ இயலவில்லை' என்னும் ஒற்றை மறுப்பு. அம்மறுப்பின் பின்னால் இருப்பவை, ஒருவரையொருவர் கண்டிராத இரு பராமரிப்பாளர்கள் வெவ்வேறு காலங்களில் எழுதிய இரண்டு வாக்கியங்கள்.

அவ்வாக்கியங்களின் மீது எவ்வளவு சுமை ஏற்றப்பட்டுள்ளது என்பதை அறிய டெபியனின் அமைப்புச் சட்டத்தை நோக்க வேண்டும். 1998இல் ஏற்கப்பட்ட அச்சட்டத்தின்படி, எவரையும் எப்பணியையும் செய்யுமாறு கட்டாயப்படுத்த இயலாது. ஆயினும் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராக எவரும் செயல்படலாகாது. ஏவல் இல்லாத அமைப்பில் ஒருவர் பணியை மற்றவர் பணியோடு இணைப்பது அறிவிப்பு ஒன்றே. 'எனது பொதி இதைச் சார்கிறது', 'எனது பொதி இதனோடு முரண்படுகிறது' என்னும் அறிவிப்புகளே அங்கு மேலதிகாரியின் இடத்தில் நிற்கின்றன.

இப்பொருள் குறித்த எழுத்துகள் இரு வகைப்படும். முதல் வகை, முரணைக் கணக்காகக் கண்டு விரைவாகத் தீர்க்கும் வழிகளைத் தேடும் கணினியியல் ஆய்வுகள். இரண்டாம் வகை, இக்கட்டில் சிக்கிய பயனருக்கு எந்தக் கட்டளையை இடுவது என்று சொல்லும் வழிகாட்டிகள். இரண்டுக்கும் அடிப்படையான கொள்கைக் கையேடு, அதற்குரிய மொழியும் மனச்சாய்வும் கொண்ட ஒரு பனுவலாகப் படிக்கப்படுவது அரிது.

2. ஏழாம் இயலின் சொற்கள்

கையேட்டின் ஏழாம் இயல் பொதிகளுக்கிடையிலான உறவுகளை அறிவிக்கும் முறையை வகுக்கிறது. 'டிபெண்ட்ஸ்' என்பது சார்பு. சாரப்படும் பொதி இன்றேல் சார்ந்த பொதி இயங்கும் நிலையை அடையாது. 'ரெக்கமெண்ட்ஸ்' என்பது பரிந்துரை. வழக்கமான நிறுவல்களில் உடனிருக்க வேண்டியது, ஆயின் இன்றியமையாததன்று. 'சஜெஸ்ட்ஸ்' அதனினும் மெல்லிய யோசனை. அந்த யோசனையையே எதிர்முனையிலிருந்து சொல்வது 'என்ஹான்சஸ்': 'நான் அவருக்கு உதவுவேன்' என்று உதவுபவரே முன்வந்து சொல்லும் சொல். இவற்றுக்கு மேலே 'ப்ரீ-டிபெண்ட்ஸ்' என்னும் முன்சார்பு நிற்கிறது. சாரப்படும் பொதி முழுமையாக அமைக்கப்படும்வரை, சார்ந்த பொதியை நிறுவத் தொடங்கவே விடாத கடுமை அதற்குண்டு. ஆதலின் பொது விவாதத்தில் இசைவு பெறாமல் முன்சார்பை எழுதக் கூடாது என்கிறது கையேடு. சொல்லின் வலிமை கூடக்கூட அதைச் சொல்லும் உரிமை தனிமனிதரிடமிருந்து பொதுவுக்கு நகர்கிறது. இவ்வியலின் மிகச் சிறந்த நுட்பம் இதுவே எனலாம்.

மறுப்புச் சொற்கள் இரண்டு. 'கான்ஃபிளிக்ட்ஸ்' என்பது முரண். இரு பொதிகளின் கோப்புகளும் ஒரே நேரத்தில் கணினியில் விரிந்திருக்கவே முடியாது. தமிழ் யாப்பில் முரண் என்பது மாறுபட்டவை ஒரே செய்யுளில் உடன் நின்று அழகு செய்யும் தொடை. இங்கோ உடன் நிற்கவே இயலாமையின் பெயர். 'பிரேக்ஸ்' என்பது முறிப்பு. இரண்டும் விரிந்திருக்கலாம், ஆனால் இரண்டும் ஒருசேர இயங்கும் நிலையில் இருத்தல் கூடாது. கூடுமானவரை முறிப்பையே பயன்படுத்துமாறும், முரணை உண்மையில் தேவைப்படும் இடங்களுக்கு ஒதுக்குமாறும் கையேடு அறிவுறுத்துகிறது. கடுமையான தடை, ஒரு பொதியை அகற்றியபின்தான் மற்றொன்றைக் கொணர முடியும் என்னும் நிலையை உண்டாக்கிப் பதிப்பு மேம்பாட்டின் வழியை அடைத்துவிடும் என்பதே இதன் நடைமுறைக் காரணம்.

இவ்விரு சொற்களுக்கும் இடையே கையேடு வெளிப்படையாக விரித்துரைக்காத மற்றொரு வேறுபாடும் உண்டு. முறிப்பு பெரும்பாலும் 'இப்பதிப்புக்கு முந்தியவை' என்னும் எல்லையோடு வரும். புதிய நூலகம் பழைய செயலியைக் கெடுக்கிறது. செயலியின் அடுத்த பதிப்பில் அது சரியாகிவிடும். அத்தோடு முறிப்பும் வலுவிழக்கும். எல்லையற்ற முரணுக்கு அத்தகைய முடிவு இல்லை. ஒருவர் ஒருமுறை எழுதிவிட்டால் வேறொருவர் அழிக்கும்வரை அது நிற்கும். மேலும், முரணை ஒரு தரப்பு அறிவித்தாலே போதும்; விளைவு இரு தரப்புக்கும் பொது. மற்றவரைக் கேளாமலே அவரது பொதியைத் தன் பொதியின் பயனரிடமிருந்து விலக்கி வைக்கும் அதிகாரம் ஒரு வரிக்குள் அடங்கியுள்ளது. முன்சார்புக்குப் பொது இசைவைக் கேட்கும் கையேடு, அதனினும் பிறரைப் பாதிக்கக்கூடிய இவ்வரிக்கு அதனைக் கேட்கவில்லை.

'ரிப்ளேசஸ்' என்னும் பதிலீட்டுச் சொல் இன்னொரு வகையில் இடர்தருவது. தனித்து வரும்போது அதன் பொருள் 'அப்பொதியின் கோப்புகளை என் கோப்புகள் மேலெழுதலாம்' என்பது. முரணோடு சேர்ந்து வரும்போது 'என்னை நிறுவ அப்பொதியையே அகற்றலாம்' என்றாகிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. உடன்வரும் சொல்லே பொருளை முடிவு செய்கிறது. இயற்கை மொழியில் இது இயல்பு. விதிமொழியில், அதிலும் புதிதாக வரும் தன்னார்வலர் எவருடைய துணையுமின்றிப் படித்துத் தெளிய வேண்டிய விதிமொழியில், இதைக் குறை என்றே சொல்ல வேண்டும்.

சொற்களின் வலிமை நூலில் மட்டும் தீர்வதில்லை. 2009இல் வெளியான டெபியன் 5.0 முதல், 'ஆப்ட்' என்னும் நிறுவல் கருவி பரிந்துரைக்கப்பட்ட பொதிகளையும் இயல்பாகவே நிறுவத் தொடங்கியது. பரிந்துரை என்னும் சொல் மாறவில்லை. அதைப் படிக்கும் கருவி மாறியது. அன்று முதல் அச்சொல் பயனரின் கணினியில் சார்புக்கு நிகரான விளைவைத் தரலாயிற்று, பயனர் மறுக்காத வரையில். மறுக்கும் அந்த உரிமையின் மதிப்பு 2012இல் வெளிப்பட்டது. ஜினோம் மேசைத்தளத்தின் தொகுபொதி பிணைய மேலாளர்ப் பொதியைச் சார்வதா, பரிந்துரைப்பதா என்னும் வழக்கு தொழில்நுட்பக் குழுவின் முன் வந்தது. சார்பு எனில், வேறு வழியில் பிணையத்தை அமைத்துக்கொண்டு அம்மேலாளரை நீக்கியிருந்த பயனரின் கணினியில் மேம்பாட்டின்போது அது மீண்டும் வந்து அமரும். பரிந்துரை எனில் அவரது மறுப்பு மதிக்கப்படும். பரிந்துரையாகக் குறைக்க வேண்டும் என்று குழு தீர்த்தது. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல். அதற்கே அமைப்பின் உச்சக் குழு கூட வேண்டியிருந்தது.

3. கணக்கு தீர்க்கும் பகுதி

ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் நடந்த 'ஈடோஸ்' திட்டத்தின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் திருப்புமுனையானது. ஒரு பொதியை நிறுவ முடியுமா என்னும் வினா, ஏரணக் கோவை ஒன்றை மெய்யாக்கும் மதிப்புகள் உண்டா என்னும் புகழ்பெற்ற கணக்குக்கு நிகரானது என அவர்கள் காட்டினர். கொள்கையளவில் இது என்.பி. முழுமை வகையைச் சேர்ந்த கடினமான கணக்கு. நடைமுறையில் உள்ள பொதிக் களஞ்சியங்களிலோ இன்றைய தீர்வுநிரல்கள் விரைவிலேயே விடை கண்டுவிடுகின்றன. 2025இல் வந்த ஆப்ட் 3.0 பதிப்பும் இவ்வழியில் அமைந்த புதிய தீர்வுநிரல் ஒன்றைக் கொண்டுள்ளது.

இவ்வாய்வு மரபின் மதிப்புமிக்க கொடை 'வலிய முரண்' என்னும் கருத்து. 2010இல் ராபர்ட்டோ டி காஸ்மோவும் யாப் பூந்தரும் முன்வைத்த இக்கருத்தின்படி, இரு பொதிகளுக்கிடையே எவரும் முரண் என்று எழுதாதிருந்தும், அவற்றின் சார்புகளைத் தொடர்ந்து சென்றால் எந்த வழியிலும் அவை உடனிருக்க இயலாது எனத் தெரியவரலாம். ஒவ்வொருவரும் தத்தம் வரியைச் சரியாகவே எழுத, எவரும் கருதாத தடை ஒன்று மொத்தத்தில் விளைகிறது. இத்தகைய ஆசிரியரற்ற முரண்களை மனிதக் கண் காணாது, இயந்திரம் காணும். அவ்வகையில் கணக்கின் பயன் ஐயத்திற்கு இடமற்றது.

ஆனால், அம்மரபு தீர்த்தது எதனை என்பதில் தெளிவு வேண்டும். எழுதப்பட்ட வாக்கியங்கள் அனைத்தும் உண்மை எனக் கொண்டால் இரண்டும் உடனிருக்குமா என்பதைத்தான் இயந்திரம் சொல்கிறது. வாக்கியம் உண்மையா, பத்தாண்டுகளுக்கு முன் உண்மையாக இருந்து இன்று பொய்த்துவிட்டதா, இரண்டில் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சோதனைக் கிளைக்குப் பொதிகளை நகர்த்தும் 'பிரிட்னி' என்னும் நிரலின் செயல் இதற்குச் சான்று. 2000 முதல் இயங்கிவரும் அந்நடைமுறையில், ஒரு பொதி அதன் அவசரத்திற்கேற்ப 2, 5 அல்லது 10 நாள்கள் காத்திருந்து, தனது வரவால் வேறெந்தப் பொதியும் நிறுவ இயலாததாகிவிடவில்லை என்று உறுதியான பின்னரே உள்ளே செல்லும். உறுதியாகாவிடில் நிரல் நின்றுவிடும். நின்ற இடத்தில், பழைய செயலியை வெளியேற்றிப் புதிய நூலகத்தை ஏற்பதா, நூலகத்தைக் காக்க வைப்பதா என்று வெளியீட்டுக் குழுவினரே குறிப்பெழுதி முடிக்கின்றனர். 2024இல், 32 இருமக் கட்டமைப்புகள் 2038ஆம் ஆண்டு ஜனவரி 19க்குப் பின்னும் காலத்தைச் சரியாக எண்ணும்பொருட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகப் பொதிகளைப் பெயர் மாற்றி மீண்டும் கட்டியபோது, கணக்கு ஒருபுறம் ஓட, இக்குறிப்புகள் மறுபுறம் ஓயாமல் எழுதப்பட்டன.

முரண் என்பதையே இல்லாமற் செய்துவிடலாம் என்னும் வாதமும் உண்டு. 2003இல் எல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கிய 'நிக்ஸ்' முறையில் ஒவ்வொரு பதிப்பும் தனக்கேயுரிய முகவரியில் வைக்கப்படுவதால் ஒன்று மற்றொன்றை மேலெழுதுவதில்லை. ஆயினும் ஒரே கட்டளைப் பெயரைக் கேட்கும் இரு நிரல்களைப் பயனரின் ஒரே சூழலில் வைக்கும்போது அங்கும் மோதல் எழுகிறது. கோப்புகளுக்கு இடம் எத்தனை வேண்டுமானாலும் ஒதுக்கலாம். பெயருக்கு அவ்வாறு இயலாது.

4. வரிசையே தீர்ப்பாகும்போது

சார்பை மாற்றுகளோடும் எழுதலாம். இரு பொதிப் பெயர்களுக்கிடையே ஒரு நேர்க்கோட்டை இட்டால் 'இது அல்லது அது' என்று பொருள். ஏரணத்தில் 'அல்லது' என்பதன் இருபுறமும் சமம். டெபியனில் அவ்வாறன்று. இரண்டுமே நிறுவப்படாத நிலையில் ஆப்ட் முதலில் எழுதப்பட்டதையே தேர்ந்தெடுக்கும்.

2014இல் கணினியின் தொடக்க முறைமை குறித்து எழுந்த பெரும் பூசலின் நடுவே, இச்சிறு நுட்பம் வழக்கு ஒன்றின் மையமாயிற்று. பயனர் அமர்வுகளை நிர்வகிக்கும் ஒரு பொதி, சிஸ்டம்-டி தொடக்க முறைமையை அமர்த்தும் பொதியை முதலிலும், பழைய முறைமையோடு ஒத்துழைக்கும் இடைப்பொதியை இரண்டாவதாகவும் மாற்றுகளாகக் கொண்டிருந்தது. பழைய முறைமையை வைத்திருந்த பயனர் தொடர்பற்ற வேறொரு செயலியை நிறுவப்போக, சார்புச் சங்கிலியின் வழியே அவரது கணினியின் தொடக்க முறைமையே மாறிவிடும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. வரிசையை மாற்றி இடைப்பொதியை முதலில் எழுத வேண்டும் என்று அவ்வாண்டு நவம்பரில் தொழில்நுட்பக் குழு முடிவு செய்தது.

ஏரணப்படி ஒன்றேயான இரு வாக்கியங்களில் எது நிற்க வேண்டும் என்பதற்காக ஓர் அமைப்பு தன்னுள் பிளவுபடுகிறது என்றால், அவ்வாக்கியத்தின் பொருள் அதன் ஏரண வடிவில் மட்டும் இல்லை என்பது தெளிவு. 'இதுவும் ஆகும், அதுவும் ஆகும், ஆயின் இதுவே இயல்பு' என்னும் மதிப்பீடு வரிசைக்குள் ஒளிந்துள்ளது. சார்பையும் பரிந்துரையையும் தனிச் சொற்களாகப் பிரித்த கையேடு, இம்மதிப்பீட்டுக்குத் தனிச் சொல் தரவில்லை. அதனால் வெளிப்படையாக நடந்திருக்க வேண்டிய உரையாடல், ஒரு நேர்க்கோட்டின் இடமா வலமா என்னும் வடிவில் நடந்தது.

இவ்வழக்கின் பின்கதையும் கருதத்தக்கது. அவ்விடைப்பொதியைப் பேணுவார் இல்லாமற் போக, 2019இல் வெளியான 10ஆம் பதிப்பில் அது இடம்பெறவில்லை. குழு முதலிடம் தந்த மாற்று, அதைத் தாங்க ஒரு மனிதர் இருக்கும்வரைதான் மாற்றாக இருந்தது.

5. இல்லாத புலம்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து கையேட்டின் மையக் குறையைச் சுட்டலாம். ஏழாம் இயலின் சொற்கள் யார், யாரோடு, எந்தப் பதிப்பில், எவ்வளவு வலிமையுடன் என்னும் வினாக்களுக்கு விடை தருகின்றன. ஏன் என்னும் வினாவுக்கு அங்கே புலம் இல்லை.

இக்குறை சிறிதன்று. முரண் என்று எழுதப்பட்ட ஒரு வரியைப் புதிய பராமரிப்பாளர் காண்கிறார் எனக் கொள்வோம். முன்னவர் விலகிவிட்டார். இரு பொதிகளும் ஒரே கோப்பைக் கொண்டிருந்தனவா? ஒரே பிணைய வாயிலுக்குப் போட்டியிட்டனவா? அல்லது அக்காலத்து வழு ஒன்றைத் தவிர்க்க இட்ட தற்காலிகத் தடையா? வரி மூன்றுக்கும் ஒன்றே. நீக்கினால் என்ன கெடும் என்பது தெரியாததால் அவர் அதனை நீக்குவதில்லை. இவ்வாறு பொய்த்துப்போன தடைகள் தங்கிவிடுகின்றன. முன்பகுதியில் கண்ட வலிய முரண்கள் சில இத்தகைய வரிகளிலிருந்தும் பிறக்கக்கூடும். ஊதியம் தரும் நிறுவனத்தில் முன்னவரை அழைத்துக் கேட்க ஒரு வழியாவது உண்டு. விலகியவருக்கு எக்கடப்பாடும் இல்லாத அமைப்பில், எழுதாத காரணம் அவரோடே போய்விடுகிறது.

இதற்கு மறுப்பாக மூன்று செய்திகள் கூறப்படலாம். பொதியின் மூலத்தில் உறவுகளை எழுதும் கோப்பில் கருத்துரை வரிகளை இடக் கையேடு இசைகிறது. ஒவ்வொரு பொதியோடும் மாற்றக் குறிப்பேடு செல்கிறது. வழுப் பதிவேடு எவரும் காணத் திறந்திருக்கிறது. மூன்றும் உண்மையே. ஆனால் கருத்துரை வரிகள் பொதி கட்டப்படும்போது உதிர்ந்துவிடுகின்றன. பயனரும் தீர்வுநிரலும் அவற்றைக் காண்பதில்லை. மாற்றக் குறிப்பேடு காலவரிசையில் அமைந்தது. இன்று நிற்கும் ஒரு வரிக்கு உரிய பழைய பதிவைத் தேடுவது அகழாய்வுக்கு ஒப்பானது. வழுப் பதிவேடோ, எண் தெரிந்தவருக்கே எளிது. காரணம் எங்கோ இருக்கிறது என்பதும் காரணம் வாக்கியத்தோடு இருக்கிறது என்பதும் வேறு வேறு.

காரணத்தை வாக்கியத்திலேயே வைப்பது இயலாத செயலன்று. 2009இல் மேக்ஸ் ஹவல் தொடங்கி, இன்று தன்னார்வலர்களால் நடத்தப்படும் 'ஹோம்புரூ' என்னும் மேக் கணினிகளுக்கான பொதி மேலாளரில், ஒரு பொதி மற்றொன்றோடு முரண்படுகிறது என்று எழுதும் தொடரிலேயே 'ஏனெனில்' என்னும் உறுப்பு உண்டு. நிறுவல் மறுக்கப்படும்போது அக்காரணமும் பயனருக்குக் காட்டப்படுகிறது. அங்கு எழுதப்படும் காரணங்களில் பெரும்பாலானவை 'இரண்டும் இன்ன பெயரில் நிரலை நிறுவுகின்றன' என்னும் வாய்பாட்டுத் தொடர்களே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வாய்பாடே ஆயினும் அது சரிபார்க்கத்தக்க கூற்று. அந்நிரலின் பெயர் மாறிவிட்டதா என்று அடுத்து வருபவர் ஒரு நிமிடத்தில் பார்த்து, தடையை நீக்கிவிடலாம். டெபியனின் உறவுமொழி ஹோம்புரூவினதை விட வளம் மிக்கது; முரண், முறிப்பு, பதிலீடு என்னும் நுண்வேறுபாடுகள் அங்கில்லை. எனினும் இந்த ஓர் உறுப்பில் இளைய நூல் மூத்ததை விஞ்சுகிறது.

புதிய புலம் தன்னார்வலரின் சுமையைக் கூட்டும் என்பது பொருட்படுத்தத்தக்க தடை. எல்லா உறவுகளுக்கும் காரணம் கேட்பது வீண். நூலகச் சார்புகளில் பெரும்பகுதி நிரலைக் கட்டும்போதே இயந்திரத்தால் கணிக்கப்படுபவை; அவற்றுக்கான காரணம் நிரலிலேயே உள்ளது. பதிப்பெல்லை இல்லாத முரணுக்கு மட்டும், ஒருவர் மற்றொருவரது பொதியை எல்லையின்றி விலக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும், காரணம் கேட்டால் போதும்.

6. பெயருக்கான வழக்கு

முரணை யார்மீது சொல்லலாம் என்பதில் கையேடு வியப்பூட்டும் நிலைப்பாடு ஒன்றைக் கொண்டுள்ளது. ஒரே பணியை வெவ்வேறு வகையில் செய்யும் பொதிகள் தம்முள் முரண்படலாம். அஞ்சல் கடத்தும் எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் ஆகியவை 'அஞ்சல் கடத்தி' என்னும் ஒரே மெய்நிகர்ப் பொதியை அளிப்பதாக அறிவித்து, அதே பெயரோடு முரண்படவும் செய்கின்றன. தன்னோடு தான் முரண்படுவதில்லை என்னும் விதியால் ஒவ்வொன்றும் தான் தப்பி மற்றவற்றை விலக்குகிறது. ஆனால் வெவ்வேறு பணிகளைச் செய்யும் இரு பொதிகள் ஒரே பெயருக்குப் போட்டியிட்டால், முரண் என்று எழுதித் தப்ப இயலாது. ஒத்தவை முரணலாம்; ஒவ்வாதவை முரணக் கூடாது. காரணம் எளிது: அஞ்சல் கடத்தி ஒன்றிருந்தால் போதும், தொடர்பற்ற இரு கருவிகளையும் ஒருவர் ஒருங்கே விரும்பினால் அவருக்கு இரண்டையும் பெறும் உரிமை உண்டு. அத்தகைய போட்டியில் யார் பெயர் மாற்றுவது என்று இரு தரப்பும் இசைய வேண்டும். இசைவு எட்டாவிடில் இருவரும் பெயர் மாற்ற வேண்டும் என்கிறது கையேடு. பிடிவாதத்தின் விலையை இருவர்மீதும் ஒப்ப ஏற்றும் இவ்விதி, கட்டளையிட ஆளில்லாத அமைப்பு கண்ட நுண்ணிய நீதி.

அந்நீதி 'நோட்' வழக்கில் சோதனைக்கு உள்ளாயிற்று. அமெச்சூர் வானொலியாளர்களின் பொட்டலப் பரிமாற்றத்திற்கான 'நோட்' என்னும் சிறு நிரல் டெபியனில் முன்பே இருந்தது. பின்னர் வந்த நோட்.ஜேஎஸ், உலகெங்கும் அதே பெயராலேயே அழைக்கப்பட்டது. அதற்காக எழுதப்பட்ட நிரல்களின் முதல் வரியே அப்பெயரை விளித்தது. முன்னது மூத்தது, பயனர் சிலர். பின்னது இளையது, பயனர் மிகப் பலர். மூத்ததன் பக்கமும் வலுவில்லாமலில்லை. வானலையின் வழியாக மட்டுமே எட்டக்கூடிய தொலைநிலையம் ஒன்றில் மேம்பாட்டின்போது கட்டளைப் பெயர் மாறினால், அந்நிலையத்தோடு உள்ள தொடர்பே அறுந்துபோகலாம். விதியின்படி இருவரும் பெயர் மாற்றினாலோ, இரு தரப்பினருக்கும் நேரும் இழப்பைவிட, கேள்வி கேட்கப்படாத மூன்றாமவராகிய பயனருக்கு நேரும் இழப்பே பெரிதாகும். விதி பூசலிடுவோரைக் கணக்கில் கொண்டது. பூசலின் விலையைத் தருபவரைக் கொள்ளவில்லை.

2012 ஜூலையில் அறிவிக்கப்பட்ட தொழில்நுட்பக் குழுவின் தீர்ப்பு, நோட்.ஜேஎஸ் பொதி 'நோட்ஜேஎஸ்' என்னும் கட்டளைப் பெயரையே தர வேண்டும் என்றது; வானொலி நிரலுக்கும் வேறு பெயர் வகுத்தது. பழகிய பெயரை விரும்பும் பயனருக்காக 'நோட்ஜேஎஸ்-லெகசி' என்னும் தனிப் பொதியை அனுமதித்து, களஞ்சியத்தின் பிற பொதிகள் எவையும் அதைச் சாரக் கூடாது என்றும் விதித்தது. அறிவிப்பதற்கு எத்தனையோ உறவுச் சொற்கள் இருந்தும், 'என்னை எவரும் சாராதீர்' என்பதற்கு ஏழாம் இயலில் சொல் இல்லை. ஆகவே பராமரிப்பாளர்கள் அதனைப் பொதியின் விவரிப்பில் உரைநடையாக எழுதினர். தீர்ப்பைக் காணும் முகவரியையும் அங்கேயே சேர்த்தனர். பயனர் படிக்கும் விவரிப்புக்குள், கையேடு இடம் தராத காரணம் இவ்வாறு வந்து சேர்ந்தது.

அதன் பயன் ஐந்தாண்டுகளில் தெரிந்தது. வானொலிப் பொதி பேணப்படாமல் களஞ்சியத்திலிருந்து நீங்கியபின், தடைக்கு அடிப்படையான நிலை இனி இல்லை என்று சுட்டி வழக்கு மீண்டும் குழுவின் முன் வைக்கப்பட்டது. எதற்காகத் தடுத்தோம் என்பது எழுத்தில் இருந்ததால், அது பொய்த்துவிட்டது என்று காட்ட முடிந்தது. 2017இல் குழு தன் பழைய தீர்ப்பை விலக்கிக்கொள்ள, நோட்.ஜேஎஸ் அதன் இயற்பெயரைப் பெற்றது. 'நோட்ஜேஎஸ்' என்னும் பழைய கட்டளையும் அப்பொதியில் மறுபெயராக உடன் நிற்கிறது. இரண்டில் எதை விளித்தாலும் ஒரே நிரல்தான் எழுகிறது.